தொட்டிக்கட்டு வீடும் இன்றைய குடும்பமும்: கொங்கு நாட்டுப் பழைய வீடுகளைப் புதுப்பித்தல் பற்றிய ஓர் ஆய்வு

சத்தியமங்கலம், கோபிசெட்டிபாளையம், அந்தியூர் முதலிய பவானி வட்டார ஊர்களிலும், தெற்கே அவிநாசி, காங்கேயம், பொள்ளாச்சி வரை பரந்த கொங்கு நாட்டு ஊர்களிலும் மூன்று, நான்கு தலைமுறைகளைக் கண்ட வீடுகள் இன்னும் குடும்பங்களின் உடைமையாகவே இருந்து வருகின்றன. அவற்றுள் சில பூட்டிக் கிடக்கின்றன. சில பங்காளிகளிடையே துண்டுபட்டு நிற்கின்றன. சிலவற்றின் தூண்களும் நிலைக்கதவுகளும் பழைய மரக்கடைகளுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன. ஆட்கள் குடியிருக்கும் வீடுகளிலோ, இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவதா, இருப்பதைச் செப்பனிட்டு வாழ்வதா என்ற கேள்வி ஒவ்வொரு திருமணத்தின்போதும் ஒவ்வொரு மழைக்காலத்திலும் எழுகிறது. அக்கேள்வியை வீட்டின் அமைப்பு, கட்டுமானப் பொருள், குடும்பச் சொத்துரிமை, பாதுகாப்புக் கோட்பாடு ஆகிய நான்கு முனைகளிலிருந்தும் ஆராய்ந்து, பழைய வீடு நிலைப்பதற்கு அதில் மனிதர் குடியிருப்பதே முதல் நிபந்தனை என்றும், குடியிருப்பதற்கு வேண்டிய மாற்றங்களை வீட்டின் இயல்பறிந்து செய்தால் பழமைக்கும் வசதிக்கும் பகை இல்லை என்றும் நிறுவ இக்கட்டுரை முயல்கிறது.

வீட்டின் அமைப்பு

இப்பகுதியின் பழைய வீடுகளை மூன்று வகையாகப் பிரித்துக் காணலாம். முதலாவது, நிலவுடைமைக் குடும்பங்கள் கட்டிய தொட்டிக்கட்டு வீடு. இரண்டாவது, கடைவீதி, அக்ரகாரம், நெசவாளர் தெரு ஆகியவற்றில் பொதுச்சுவரோடு வரிசையாக அமைந்த தெருவீடு. கைத்தறி நெசவாளர் வீடுகளில் முன்னறையே தறிக்குழியைக் கொண்ட தொழிற்கூடமாகவும் இருந்தது. மூன்றாவது, தோட்டத்தின் நடுவே கிணற்றடிக்கு அருகில் எழுப்பப்பட்ட சாளை. ஓலைக் கூரையாகத் தொடங்கிப் பின்னர் ஓட்டுக் கூரைக்கு மாறிய எளிய பண்ணை வீடு அது. இம்மூன்றிலும் புதுப்பித்தல் சிக்கல்கள் மிகுந்து காணப்படுவது தொட்டிக்கட்டு வீட்டில்தான் என்பதால், இங்கு அதுவே விரிவாக எடுத்துக்கொள்ளப்படுகிறது.

தொட்டி எனப்படுவது வீட்டின் நடுவே வானம் பார்க்கத் திறந்திருக்கும் தாழ்ந்த முற்றம் ஆகும். நான்கு புறத்துக் கூரைகளும் அதை நோக்கி உட்சரிவாக இறங்குவதால், பெய்யும் மழை தொட்டியில் விழுந்து, மூலையில் உள்ள தூம்பு வழியாக வெளியேறுகிறது. பகலில் சூடேறிய காற்று அத்திறப்பின் வழியே மேலெழ, திண்ணைப் பக்கத்திலிருந்தும் பின்புறத்திலிருந்தும் குளிர்ந்த காற்று உள்ளே வருகிறது. தொட்டியைச் சுற்றித் தாழ்வாரமும், அதை ஒட்டி ஆசாரமும் அமைகின்றன. ஆசாரம் என்பது விருந்தினரை அமர்த்தவும், நிச்சயதார்த்தம் முதலிய குடும்ப நிகழ்வுகளை நடத்தவும் பயன்பட்ட தூண்கூடம். அதற்கப்பால் உள்ளறைகள், அட்டாலி என்னும் பரண், தானியம் வைக்கும் குதிர், சமையலறை ஆகியவை வர, பின்புறத்தில் குளிக்கவும் பாத்திரம் துலக்கவுமான பொடக்காலியும் மாடு கட்டும் கட்டுத்தரையும் அமைந்தன. கொடிவேரி அணைக்கட்டிலிருந்து பிரியும் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்களின் பாசனத்தில் நெல்லும் கரும்பும் மஞ்சளும் விளைவித்த குடும்பங்களுக்கு, வசிப்பிடமும் விளைபொருள் கிடங்கும் கால்நடைத் தொழுவமும் ஒரே கூரைத்தொகுதியில் தேவைப்பட்டன என்பதை இவ்வமைப்பு தெளிவாக்குகிறது.

பொருளும் அதன் இயல்பும்

பழைய சுவர்கள் பெரும்பாலும் குழைத்த செம்மண்ணாலோ, மண்சாந்தில் வைத்த செங்கல்லாலோ, கல்லாலோ எழுப்பப்பட்டு, சுண்ணாம்புக் காரையால் பூசப்பட்டவை. ஒன்றரை அடி முதல் இரண்டடி வரை கனமுள்ள இச்சுவர் பகல் வெயிலை மெதுவாக உள்வாங்குவதால், வெளியே அனல் வீசும் சித்திரை மாதத்திலும் உள்ளறையில் வெப்பம் உடனே ஏறுவதில்லை. கூரைக்குப் பனஞ்சட்டம், தேக்கு, வேம்பு, வாகை ஆகியவை பயன்பட்டன. வைரம் பாய்ந்த முதிர் பனையைக் கரையான் எளிதில் அண்டாது என்பது இப்பகுதி ஆசாரிகளின் பட்டறிவு. அதன்மேல் குயவர் சக்கரத்தில் வனைந்த நாட்டு ஓடு வேயப்பட்டது.

இப்பொருள் மரபில் இரண்டு பெரிய திருப்பங்கள் நேர்ந்தன. பாசல் மிஷன் 1865 இல் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலையைத் தொடங்கியதும், சென்னையிலிருந்து ஈரோடு, போத்தனூர், பாலக்காடு வழியாக மேற்குக் கடற்கரையைத் தொட்ட இருப்புப்பாதை 1860களின் தொடக்கத்தில் நிறைவுற்றதும் சேர்ந்து, சீமை ஓடு எனப்பட்ட அச்சு ஓட்டைக் கொங்கு நாட்டுக்குக் கொண்டுவர வழிசெய்தன. அடுத்த திருப்பம் சிமெண்ட். மதுக்கரையில் 1930களில் சிமெண்ட் ஆலை உற்பத்தியைத் தொடங்கிய பின்னர், சுண்ணாம்புக் காளவாய்களும் காரை அரைக்கும் செக்குகளும் படிப்படியாக வழக்கொழிந்தன. கீழ்பவானித் திட்டம் 1955 இல் நிறைவெய்திய பிறகு எழுந்த வீடுகளில் கான்கிரீட் தளமே பெருவழக்காயிற்று. ஆகவே, இன்று பழைய வீடு என்று சொல்லப்படும் பல வீடுகளில் மண்சுவர், சீமை ஓடு, சிவப்பு ஆக்சைடு தரை, பின்னால் ஒட்டவைத்த கான்கிரீட் அறை என நான்கு காலத்துக் கட்டுமானங்கள் அருகருகே நிற்கின்றன. எந்தக் காலத்து வடிவத்துக்கு வீட்டைத் திருப்புவது என்ற கேள்விக்கு ஒற்றை விடை கிடைக்காமைக்கு இதுவே காரணம்.

வீடு கைவிடப்படும் காரணங்கள்

பழைய வீடுகளின் அழிவுக்கு நாகரிக மோகமே காரணம் என்று பொதுவாகக் கூறப்படுவது முழு உண்மை ஆகாது. முதற்காரணம் பாகப்பிரிவினை. ஒரே குடும்பம் வாழக் கட்டிய வீட்டை நான்கு பங்காகப் பிரிக்கும்போது தொட்டியின் குறுக்கே சுவர் எழுகிறது; காற்றும் வெளிச்சமும் ஒரு பங்குக்கும், மழைநீர் வடியும் தூம்பு வேறொரு பங்குக்கும் போய்விடுகின்றன. பெண்களுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் சமபங்கு அளித்த தமிழ்நாட்டின் 1989 ஆம் ஆண்டுத் திருத்தமும், அதை இந்தியா முழுமைக்கும் விரித்த 2005 ஆம் ஆண்டுத் திருத்தமும் நீண்டகால அநீதி ஒன்றைக் களைந்தன. அந்த உரிமையைக் குறைக்காமல் வீட்டையும் உடையாமல் வைத்துக்கொள்ளும் ஏற்பாடுகளைக் குடும்பங்கள் இன்னும் போதிய அளவில் வகுத்துக்கொள்ளவில்லை என்பதே குறை.

இரண்டாவது காரணம் அன்றாடச் சிரமம். கழிப்பறை வீட்டுக்கு வெளியே இருப்பதும், ஒவ்வொரு நிலைப்படியையும் தாண்டி நடக்க வேண்டியிருப்பதும் முதியவர்களுக்குப் பெருந்துன்பம். திறந்த தொட்டி வழியே கொசுவும் தூசியும் வருகின்றன. சத்தியமங்கலம் போன்ற மலையடிவார ஊர்களில் குரங்குகள் ஓடுகளைப் புரட்டி உடைப்பதும் சேர்ந்துகொள்கிறது. மழைக்கு முன் ஓடு பிரித்து மேய்தல் ஆண்டு வழக்கமாக இருந்த காலத்தில் உடைந்த ஓடு உடனே மாற்றப்பட்டது. அவ்வேலைக்கு ஆள் கிடைக்காத இன்று, ஓர் ஓட்டில் விழுந்த விரிசல் இரண்டு மழைக்காலங்களில் கைமரத்தை உளுக்கச் செய்துவிடுகிறது.

மூன்றாவது காரணம் தவறான செப்பனிடல். மண்சுவர் நிலத்திலிருந்து ஈரத்தை இழுத்து, சுண்ணாம்புப் பூச்சின் நுண்துளைகள் வழியாக வெளியேற்றும் இயல்புடையது. அதன்மேல் சிமெண்ட் பூசும்போது ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கி, சுவரின் அடிப்பகுதியைத் தளர்த்துகிறது. உப்பு பூத்து, பூச்சு பாளம் பாளமாகப் பெயர்கிறது. பழைய தரையின்மேல் பளபளப்பான விட்ரிஃபைடு டைல் பதிப்பதாலும் இதே விளைவு நேர்கிறது: தரை வழியாக ஆவியாகி வந்த ஈரம் தடைபட்டுச் சுவரை நோக்கித் திரும்புகிறது. வாய்க்கால் கரை ஊர்களில், தண்ணீர் ஓடும் மாதங்களில் நிலத்தடி நீர்மட்டம் மேலே நிற்பதால், இக்கேடு மேலும் விரைவாகும். சுவர் நனைந்து உதிர்வதைக் கண்ட உரிமையாளர் பழைய வீடு இனித் தாங்காது என்று முடிவுகட்டுகிறார்; கேட்டை விளைவித்தது சிமெண்ட் பூச்சு என்பது அவருக்குச் சொல்லப்படுவதில்லை.

கோட்பாட்டு நிலைகள்

பழைய கட்டடங்களை எவ்வாறு பேணுவது என்பதில் உலக அளவில் உருவான கோட்பாடுகள் பெரும்பாலும் கோயில், கோட்டை, அரண்மனை ஆகிய நினைவுச்சின்னங்களை மனத்திற்கொண்டவை. 1964 ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம் அசல் பொருளைக் காப்பதற்கு முதன்மை தந்தது. 1979 இல் ஆஸ்திரேலியாவில் உருவான புர்ரா சாசனம், ஓர் இடத்தின் சிறப்பு எதில் அடங்கியுள்ளது என்பதை முதலில் அறிந்து, தேவையான அளவுக்கு மட்டும் மாற்றம் செய்யும் முறையை வகுத்தது. இந்தியாவில் 1984 இல் தோன்றிய இன்டாக் அமைப்பு, சட்டப் பாதுகாப்பில்லாத மரபுக் கட்டடங்களுக்கெனவே 2004 இல் ஒரு சாசனம் வெளியிட்டு, கொத்தனார், ஆசாரி போன்ற வாழும் கைவினை மரபும் காக்கப்பட வேண்டிய செல்வமே என்று ஏற்றது. குடும்பங்கள் வாழும் கொங்கு வீடுகளுக்கு இம்மூன்றனுள் மிகவும் பொருந்துவது கடைசியாகச் சொன்ன நிலையே ஆகும். மாற்றிச் செப்பனிடத் தெரிந்த கைகள் உள்ளவரை வீடு தன் இயல்பை இழக்காமல் வளரும்.

நடைமுறையில் மூன்று முன்மாதிரிகள் காணக்கிடைக்கின்றன. செட்டிநாட்டில், யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் 2014 இல் இடம்பெற்ற ஊர்த்தொகுதிகள் உட்பட, பல மாளிகைகள் தங்கும் விடுதிகளாக மாறியுள்ளன. இதனால் கட்டடம் காக்கப்பட்டாலும், அங்கே வாழ்பவர் விருந்தினரே. புதுச்சேரியின் வைசியாள் வீதியில், ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா அர்ப்ஸ் திட்டத்தின்கீழ்த் தமிழ்க் குடியிருப்புகளின் முகப்புகள் உரிமையாளர்களின் ஒத்துழைப்போடு செப்பனிடப்பட்டன. திண்ணையும் தாழ்வாரமும் மீண்டு வந்த அத்தெருவுக்கு 2008 இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருது கிடைத்தது. ஒரு தெரு முழுவதும் ஒருங்கிணைந்தால் தனி வீட்டால் இயலாதது இயலும் என்பதற்கு அது சான்று. கொழும்பில் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா, ஒரே சந்தில் வரிசையாக நின்ற நான்கு சிறு வீடுகளை 1958 முதல் ஒவ்வொன்றாகப் பெற்று, சிறு முற்றங்களாலும் நடைகளாலும் இணைத்துத் தம் இல்லமாக்கிக்கொண்டார். பழைய கதவுகளும் தூண்களும் புதிய சுவர்களோடு இசைந்து நிற்கும் அவ்வீடு, பொதுச்சுவர் கொண்ட தெருவீடுகளில் எப்படி முற்றத்தைப் புதிதாக உருவாக்கலாம் என்பதற்குப் பாடமாகிறது.

எதை வைத்துக்கொள்வது, எதை மாற்றுவது

குடும்ப வாழ்வுக்கேற்பத் தொட்டிக்கட்டு வீட்டைச் சீரமைப்பதில் வேலைகளின் வரிசை முதன்மையானது. கூரையும் வடிகாலும் முதலில், சுவர் அடுத்து, நீர்புழங்கும் அறைகள் பின்பு, மின்சாரமும் அலங்காரமும் இறுதியில் என்பதே பாதுகாப்பான வரிசை. வண்ணப்பூச்சில் தொடங்கும் வேலை அடுத்த மழையில் வீணாகும்.

கூரையில், உளுத்த கைமரத்தை மட்டும் மாற்றி நல்ல மரத்தை வைத்துக்கொள்வதே சிக்கனம். பனைமரம் வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று தமிழக அரசு 2021 இல் அறிவித்த பின்னர், இடித்த வீடுகளிலிருந்து கிடைக்கும் பழைய பனஞ்சட்டங்களுக்கு மதிப்பு கூடியுள்ளது. இங்கு கவனிக்கத்தக்க ஒரு நுட்பம் உண்டு. விறகடுப்பின் புகை நெடுங்காலம் கூரை மரங்களில் படிந்து பூச்சிகளை விரட்டி வந்தது. எரிவாயு அடுப்பு வந்து, பெண்களின் கண்ணையும் நுரையீரலையும் வருத்திய புகை ஒழிந்தது நன்மையே. ஆனால் மரம் தன் காவலை இழந்துவிட்டது. ஆகவே வெண்காரமும் போரிக் அமிலமும் கலந்த கரைசலையோ வேப்பெண்ணெயையோ மரங்களுக்குக் குறித்த இடைவெளியில் பூச வேண்டியுள்ளது.

சுவரில் சிமெண்ட் பூச்சைக் கொத்தி எடுத்து, சில மாதங்கள் உலரவிட்டு, மீண்டும் சுண்ணாம்புக் காரை பூசுவதே முறை. சுட்ட சுண்ணாம்புக் கல்லை நீரில் தாளித்து, நாட்கணக்கில் ஊறவைத்து, மணலோடு சேர்த்து அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரை விட்டுப் பதப்படுத்துவது பழைய முறை. இக்காரை காற்றிலுள்ள கரியமில வாயுவை உள்வாங்கி மெல்ல மெல்ல மீண்டும் சுண்ணாம்புக் கல்லாக இறுகுவதால், ஒரே மூச்சில் கனமாகப் பூசாமல், மெல்லிய படலங்களாகப் பூசி இடையிடையே ஈரம் காட்டி ஆறவிட வேண்டும். கொத்தனாருக்கு இங்கு வேண்டிய முதல் தகுதி பொறுமை. வீட்டாருக்கும் அதுவே வேண்டும்.

குளியலறை, கழிப்பறை ஆகியவற்றை மண்சுவர் அறைகளுக்குள் புகுத்துவதுதான் மிகப் பெரிய கேட்டை விளைவிப்பது. பொடக்காலியும் கட்டுத்தரையும் இருந்த பின்பகுதியில், தனி அடித்தளத்தின்மேல், பழைய சுவரைத் தாங்குசுவராகக் கொள்ளாமல் இவற்றைக் கட்டி, படுக்கையறையின் பின்சுவரில் ஒரே ஒரு வாசல் மட்டும் திறந்து இணைத்தால், இணைந்த குளியலறை வேண்டும் என்ற இன்றைய தேவை நிறைவேறுவதோடு பழைய சுவரும் நனையாமல் தப்பும். மாடுகள் இல்லாத வீடுகளில் கட்டுத்தரையின் இடமே சமையலறைக்கும் மகிழுந்துக்கும் போதுமானதாக அமைகிறது. புதுப்பகுதியின் கூரைக்கு, லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பிய இடைநிரப்புத் தளத்தைக் கையாளலாம். கான்கிரீட்டின் தேவையற்ற கீழ்ப்பகுதியில் பழைய ஓடுகளைப் பதித்து, சிமெண்டையும் வெப்பத்தையும் குறைக்கும் முறை அது.

தொட்டியைப் பாலிகார்பனேட் தகட்டால் முற்றிலும் மூடிவிடுவது இப்போது பரவலாகிவிட்ட தவறு. மேலெழும் வெப்பக்காற்று அடியிலேயே தேங்க, வீடு முழுவதும் புழுங்குகிறது. பிறகு ஒவ்வோர் அறைக்கும் குளிர்சாதனம் தேவைப்படுகிறது. கூரை விளிம்பிலிருந்து இரண்டடி உயரத்தில் மேல்மறைப்பை நிறுத்தி, நான்கு புறமும் கம்பிவலை அடித்தால், மழைச் சாரலும் கொசுவும் குரங்கும் தடுக்கப்பட, காற்று தடையின்றிப் போகும். மேல்மறைப்பில் விழும் மழைநீரைக் குழாய் வழியாகக் கிணற்றுக்கோ உறைகுழிக்கோ செலுத்தினால், தமிழகத்தில் 2003 முதல் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர்ச் சேகரிப்புக்கும் அதுவே வழியாகும். குளிர்சாதனம் இன்றியமையாத இடத்தில் மச்சு அறையைத் தேர்ந்தெடுப்பது அறிவுடைமை. மரப்பலகைக்கு மேல் மண்ணும் காரையும் இட்டு மூடிய மேல்தளமே மச்சு. அது குளிர்ச்சியை வெளியே விடாது.

மின்கம்பிகளை மண்சுவரைக் குடைந்து பதிப்பதற்குப் பதிலாகச் சுவரின்மேல் ஓடும் குழாய்களில் கொண்டுசெல்ல வேண்டும். மின்கசிவு துண்டிப்பான் பொருத்துவது கட்டாயம். முதியோருக்காக ஓர் அறையிலிருந்து குளியலறை வரையிலும் தெருவாசல் வரையிலும் படியற்ற ஒரு தடத்தை மரச்சரிவுகளால் அமைப்பது, நிலைப்படிகளை வெட்டாமலே இயலும். மேலே மாடி எழுப்ப விரும்புவோர், அதன் பாரத்தை மண்சுவர் மீது ஏற்றாமல் தனித் தூண்களில் இறக்க, கட்டமைப்புப் பொறியாளரின் ஆய்வைப் பெறுவது உயிர்க்காப்பான செயல்.

அமைப்பில் உறைந்த சமூக ஒழுங்கு

பழைய வீட்டைப் போற்றி எழுதுவோர் பலரும் பேசாமல் விடும் ஒன்றை இங்கு சொல்லியாக வேண்டும். வாசலோடு நிற்க வேண்டியவர் யார், திண்ணை வரை வரலாம் என்பவர் யார், ஆசாரத்தில் அமரத்தக்கவர் யார் என்பதைச் சாதி வழி வரையறுத்த அமைப்பு அது. உழைப்பாளர் பின்வாசல் வழியாகவே நுழைந்தனர். பெண்கள் வெளிச்சம் குறைந்த சமையற்கட்டில் நாளின் பெரும்பகுதியைக் கழித்தனர். தூண்களையும் தொட்டியையும் காப்பதில் இந்த ஒழுங்கையும் சேர்த்துக் காக்க வேண்டிய தேவை இல்லை, காக்கவும் கூடாது. சமையலறையைத் தொட்டியின் ஓரத்துக்குக் கொண்டுவந்து வெளிச்சத்தில் வைப்பதும், ஆசாரத்தை வீட்டார் அனைவரும் உண்ணவும் படிக்கவும் கூடும் இடமாக்குவதும், வருவோர் எவரும் முன்வாசல் வழியே உள்ளே வந்து அமர்வதும் அவ்வமைப்பை மேம்படுத்தும் மாற்றங்கள். இவற்றுக்காக ஒரு தூணையும் பெயர்க்க வேண்டியதில்லை.

சட்டம், செலவு, கைவினை

1958 ஆம் ஆண்டின் நடுவண் சட்டமும் 1966 ஆம் ஆண்டின் தமிழகச் சட்டமும் நூறாண்டு கடந்த தொன்மைச் சின்னங்களைப் பாதுகாக்கின்றன. ஆனால் அறிவிக்கை செய்யப்பட்ட இடங்களுக்கே அவை பொருந்துவதால், குடும்பங்களின் வீடுகள் நடைமுறையில் வெளியே நிற்கின்றன. மரபுக் கட்டடங்களை இனங்கண்டு பேணத் தமிழ்நாடு மரபு ஆணையச் சட்டம் 2012 இல் நிறைவேறியது. அது பெருநகர்களின் பொதுக் கட்டடங்களோடு நின்றுவிடாமல் சத்தியமங்கலம், கோபிசெட்டிபாளையம் போன்ற ஊர்களின் குடியிருப்புகளையும் பட்டியலிட்டு, செப்பனிடுவோருக்குச் சொத்துவரிச் சலுகையும் தொழில்நுட்ப ஆலோசனையும் தருவதற்கு வழிகோல வேண்டும். தடை விதிப்பதை மட்டும் செய்தால், பட்டியலில் சேருமுன் வீட்டை இடித்துவிடும் அவசரமே மிஞ்சும்.

செலவைப் பொறுத்தவரை, சுண்ணாம்பு வேலைக்குக் கூலி மிகுதி, பொருட்செலவு குறைவு. சிமெண்ட் வேலைக்கு இது நேர்மாறு. ஆகவே பழைய வீட்டில் இடும் பணத்தின் பெரும்பகுதி உள்ளூர்க் கைவினைஞரிடமே சேர்கிறது. கட்டங்கட்டமாக ஆண்டுதோறும் செய்யத்தக்க வேலை என்பதால் பெருங்கடனும் தேவைப்படாது. பொள்ளாச்சி, கோபி வட்டாரங்களில் திரைப்படப் படப்பிடிப்புக்கு வீட்டை வாடகைக்கு விடுவது சில குடும்பங்களுக்குப் பராமரிப்புச் செலவை ஈடுகட்ட உதவியுள்ளது. பங்காளிகள் பலராயின், குடும்ப ஏற்பாட்டுப் பத்திரம் வழியாக வீட்டை ஒருவர் பெற்றுக்கொண்டு ஏனையோருக்கு நிலமாகவோ பணமாகவோ ஈடு தருவதும், நோன்புக்கும் குலதெய்வ வழிபாட்டுக்கும் அனைவரும் வந்து தங்கும் உரிமையை எழுத்தில் வைத்துக்கொள்வதும், தொட்டியின் குறுக்கே சுவர் எழாமல் தடுக்கும் நல்வழிகள்.

முடிவுரை

மேற்கண்டவற்றைத் தொகுத்து நோக்கினால், கொங்கு நாட்டுப் பழைய வீட்டில் மாறாமல் நிற்க வேண்டியவை மூன்று: காற்றும் நீரும் நடமாடும் தொட்டி, ஈரத்தை வெளிவிடும் சுவர், வெப்பத்தை இறக்கும் சாய்கூரை. இவை நிற்கும் வரை குளியலறையும் சமையலறையும் அறைகளின் பயன்பாடும் ஒவ்வொரு தலைமுறையின் தேவைக்கேற்ப மாறலாம். அவ்வாறு மாறியதால்தான் ஓலைச் சாளை ஓட்டு வீடாகி இதுவரை வந்துள்ளது. இன்று குறைவாக இருப்பது வீடுகளைப் பற்றிய பற்று அன்று. வீட்டைப் படித்தறிந்து வேலை சொல்லும் பொறியாளரும், காரை அரைக்கத் தெரிந்த கொத்தனாருமே. பவானிப் படுகையின் பொறியியல் கல்லூரிகளும் பலதொழில்நுட்பப் பயிலகங்களும் தம் மாணவர்களைக் கொண்டு அருகிலுள்ள வீடுகளை அளந்து வரைபடமாக்கி, எஞ்சியிருக்கும் முதிய கொத்தனார்களையும் ஆசாரிகளையும் பயிற்றுநர்களாக அமர்த்தினால், பத்தாண்டுகளுக்குள் இவ்வட்டாரத்துக்குப் போதுமான ஒரு புதிய கைவினைத் தலைமுறை உருவாகிவிடும். அப்பணியைத் தொடங்க வேண்டிய காலம், அக்கொத்தனார்கள் நம்மிடையே இருக்கும் இக்காலமே.